மேல்வீட்டுக்காரர் நித்திரை கொள்ளட்டும்: பழைய கடையைத் திருத்துகிறவர்களுக்கு அக்காவின் டிப்ஸ்

லண்டனில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம். கீழே கடை, மேலே இரண்டு மூன்று ஃபிளாட். முன்பக்கம் மரச்சட்டம் போட்ட வடிவான கண்ணாடி, வாசலில் பழைய மொசைக். "அக்கா, சாப்பாட்டுக்கடை போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்று பூரித்துக்கொண்டு வருவீர்கள். சந்தோசம். கதிரையை இழுக்காமல் தூக்கிப் போட்டு இருங்கோ. ஏன் இழுக்கக்கூடாது என்று போகப் போகத் தெரியும்.

எங்கட ஆக்கள் கடை எடுத்தால் முதல் ஓடர் பெயர்ப் பலகைக்கு. இரண்டாவது கொத்துத் தட்டுக்கு. மூன்றாவது திறப்பு விழாச் சாப்பாட்டுக்கு. மேலே ஒரு மனுசி குழந்தையை நித்திரையாக்கிக்கொண்டு இருக்கிறாள் என்ற நினைவு, கவுன்சிலின் சத்தப் பிரிவில் இருந்து கடிதம் வந்த பிறகுதான் வரும். அதற்குள் காசு முடிந்திருக்கும், சீலிங்கும் பூசி முடிந்திருக்கும். இரண்டாம் தரம் உடைத்துக் கட்டுவது முதல் தரத்தைவிடச் செலவு. ஆனபடியால் இதை வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கோ. நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து. ஸ்கொட்லாந்தில் இருக்கிறவர்கள் தங்கள் விதியை வேறாகப் பார்க்கவேண்டும்.

கையெழுத்துப் போட முதல்

1. கட்டடம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கோ. ஹிஸ்டோரிக் இங்கிலாந்து வைத்திருக்கும் தேசியப் பட்டியலை ஃபோனிலேயே இலவசமாகத் தேடலாம். கிரேட் 1, கிரேட் 2 ஸ்டார், கிரேட் 2 என்று மூன்று படி. பழைய கடைகளில் அநேகமானவை கிரேட் 2. "கிரேட் 2 தானே, முன்பக்கத்தைத் தொடாவிட்டால் சரி" என்று பில்டர் சொன்னால் நம்பாதேங்கோ. பட்டியலில் ஏறினால் உள்ளும் புறமும் சேர்த்துத்தான். பழைய சீலிங், சுவர் ஓரத்துப் பூவேலை, படிக்கட்டு, சுவரோடு பொருத்திய மர அலுமாரி எல்லாம் அதற்குள் அடங்கும். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரிமினல் குற்றம். பில்டர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், நீங்கள்தான் அகப்படுவீர்கள். இவ்வளவுக்கும் லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் கேட்டு விண்ணப்பிக்கக் கவுன்சில் ஒரு சதமும் வாங்குவதில்லை. சும்மா கேட்கக்கூடியதைக் கேட்காமல் மாட்டுப்படுகிற ஆக்களை என்ன சொல்ல?

2. பட்டியலில் இல்லாவிட்டாலும் கன்சவேஷன் ஏரியாவுக்குள் இருக்கலாம். அங்கே வெளித்தோற்றத்துக்குக் கட்டுப்பாடு கூட. கவுன்சிலின் வரைபடத்தில் ஐந்து நிமிசத்தில் பார்த்துவிடலாம்.

3. 2020 செப்டம்பர் 1 தொடக்கம் கடை, கஃபே, ரெஸ்டோரன்ட், அலுவலகம், ஜிம் எல்லாம் 'கிளாஸ் ஈ' என்ற ஒரே வகுப்புக்குள் வந்துவிட்டன. ஆகவே பிடவைக்கடையை இருந்து சாப்பிடும் கடையாக மாற்றப் பிளானிங் அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. இந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டேக்கவே அந்த வகுப்பில் இல்லை, பப்பும் இல்லை. நாலு கதிரை போட்டுவிட்டு மிச்சமெல்லாம் பார்சலில் போனால் அது டேக்கவேதான், கவுன்சிலுக்குக் கண் தெரியும். புகைக்குழாய், வெளியே வைக்கும் ஏசி, முன்பக்க மாற்றம் இவற்றுக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். அந்த விலாசத்துக்கு முந்தி கொடுத்த அனுமதிகளையும் கவுன்சில் தளத்தில் தேடி வாசியுங்கோ. "இரவு ஒன்பதுக்குப் பிறகு திறக்கக்கூடாது" என்று எப்பவோ போட்ட நிபந்தனை இன்னும் உயிரோடு கிடக்கும்.

4. லீஸை முழுக்க வாசியுங்கோ. வாசிக்க நேரமில்லை என்றால் மூன்று இடத்தை மட்டும் சொலிசிட்டரிடம் காட்டச் சொல்லுங்கோ: என்ன தொழில் செய்யலாம், அயலாருக்கு அரியண்டம் தரக்கூடாது என்ற பகுதி, உள்ளே மாற்றம் செய்ய யாருடைய அனுமதி வேண்டும். நாலாவது ஒன்றும் இருக்கிறது, அதை ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் சீலிங்குக்கும் மேல்வீட்டுப் பலகைக்கும் இடையில் இருக்கிற மரச்சட்டமும் வெற்றிடமும் யாருக்குச் சொந்தம்? அது உங்களுடையது இல்லையென்றால் அதற்குள் கம்பளி அடைப்பதற்கே எழுத்தில் அனுமதி வேண்டும்.

படியேறி மேலே போங்கோ

5. பில்டர் வருவதற்கு முதல் நீங்கள் மேலே போங்கோ. பலகாரத் தட்டோடு போவது நல்ல பழக்கம்தான், ஆனால் லட்டு சத்தத்தை அடக்காது. ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கோ: என்ன கடை, எத்தனை மணிக்குத் திறப்பு, எத்தனை மணிக்குப் பூட்டு, வேலை எப்ப தொடங்கும், பிரச்சினை என்றால் எந்த நம்பர். அந்த நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். மருமகனின் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒளிக்காதேங்கோ.

6. போன இடத்தில் உங்கள் கதையைக் குறைத்து அவர்களைக் கேளுங்கோ. படுக்கையறை எந்தப் பக்கம்? குழந்தை இருக்கிறதா? இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் நித்திரை கொள்கிற நேர்ஸ் யாரும் உண்டா? முந்தி இருந்த கடையால் என்ன கரைச்சல் இருந்தது? இந்த நாலு பதிலும் ஆர்க்கிடெக்டின் படத்தைவிடப் பெறுமதி. படுக்கையறை பின்பக்கம் என்றால் குளிர் அறை மோட்டரையும் கொத்துத் தட்டையும் அதற்கு நேர் கீழே வைக்கமாட்டீர்கள்தானே? கேட்காதவர்கள் சரியாக அங்கேதான் வைக்கிறார்கள்.

7. "ஒரு சத்தமும் கேட்காது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதேங்கோ. பழைய மரத்தளத்தில் அது நடக்காத காரியம். "பத்து மணிக்குப் பிறகு பாட்டு இல்லை, ஒன்பதுக்குப் பிறகு கொத்து இல்லை" என்று நேரத்தைச் சொல்லுங்கோ. நேரத்தைக் காப்பாற்றலாம். மௌனத்தைக் காப்பாற்ற ஏலாது.

8. அவர்கள் சம்மதித்தால் ஒரு பின்னேரம் சோதனை ஒன்று வையுங்கோ. ஒருவர் மேலே படுக்கையறையில், மற்றவர் வெறுங்கடையில். கீழே கிரைண்டரைப் போடுங்கோ, பாட்டைப் போடுங்கோ, கதிரையை இழுங்கோ, ஷட்டரை ஏற்றி இறக்குங்கோ. மேலே எது கேட்கிறது, எது அதிர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கோ. எதற்குச் செலவழிக்கவேண்டும் என்று காசில்லாமலே தெரிந்துவிடும்.

9. பார்ட்டி வோல் சட்டம் என்றால் பக்கத்துச் சுவருக்கு மட்டும் என்று நினைக்காதேங்கோ. தனித்தனி வாசல், தனித்தனிப் படிக்கட்டு உள்ள கடைக்கும் ஃபிளாட்டுக்கும் இடையிலான தளமும் 1996ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்துக்குள் வரும். அதை வெட்டிக் கொத்துகிற வேலை என்றால் இரண்டு மாதம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கவேண்டும். 14 நாளுக்குள் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் அது தகராறு என்று எடுத்துக்கொண்டு சர்வேயர்களிடம் போகும், செலவு பெரும்பாலும் உங்கள் தலையில். மேலே போய்க் கதைத்து வைத்தவர்களுக்குச் சம்மதக் கையெழுத்து கெதியாகக் கிடைக்கும். ஐந்தாவது டிப்ஸை நான் சும்மா சொல்லவில்லை.

10. "இது கடைத்தெரு, மேலே வந்து குடியிருக்கிறவர்கள் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். லண்டன் விக்மோர் ஸ்ட்ரீட்டில் ஒரு மிட்டாய்க்காரர். குசினியில் பெரிய உரல்கள் வைத்து 20 வருஷத்துக்கு மேலாக இடித்து வந்தவர், ஒருவரும் முறையிடவில்லை. பின்வளவுப் பக்கம் விம்போல் ஸ்ட்ரீட்டில் இருந்த டொக்டர் தன் தோட்டத்து மூலையில், அந்தக் குசினிச் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டினார். நெஞ்சில் குழாயை வைத்தால் உரல் சத்தம்தான் கேட்கிறது என்று வழக்குப் போட்டார். 1879இல் தீர்ப்பு டொக்டர் பக்கம். "நான்தானே முதலில் இருந்தேன்" என்ற வாதம் எடுபடவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றமும், ஒரு பந்தய மைதான வழக்கில், பிறகு வந்து குடியேறியவருக்கும் முறையிட உரிமை உண்டு என்றே சொன்னது. வருஷக்கணக்காக உரல் இடித்தவருக்கே அந்தக் கதி. நீங்கள் நேற்று வந்தவர். மேலே இருப்பவர்கள்தான் முதலில் இருந்தவர்கள்.

சீலிங்: காசை இங்கே கொட்டுங்கோ

11. சத்தம் இரண்டு வழியால் போகும். பேச்சும் பாட்டும் காற்று வழியாக. கதிரை இழுப்பு, கொத்துத் தட்டு, கிரைண்டர், மோட்டர் எல்லாம் கட்டடத்தின் எலும்பு வழியாக, சுவரையும் மரத்தையும் பிடித்துக்கொண்டு ஏறும். முதலாவதைப் பாரம் தடுக்கும். இரண்டாவதைப் பாரம் தடுக்காது, தொடுப்பை அறுக்கவேண்டும். எது எந்த வகை என்று தெரியாமல் சாமான் வாங்கினால் காசு கரியாகும்.

12. சுவரில் ஸ்பொஞ்ச் ஒட்டுவதும் முட்டைத் தட்டு ஒட்டுவதும் வேண்டாம். அவை கடைக்குள் எதிரொலியைக் குறைக்கும், மேலே போகிற சத்தத்தை மறிக்காது. போதாக்குறைக்கு நெருப்புக்கும் ஆபத்து. யூடியூபில் பார்த்தேன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

13. பழைய சீலிங்கை உடைக்காதேங்கோ. பெரிய எழுத்தில் எழுதி பில்டருக்கு முன்னால் ஒட்டுங்கோ. விக்டோரியா காலத்துச் சீலிங் மெல்லிய மரப்பட்டிகளின் மேல் சுண்ணாம்புச் சாந்து, அதில் மிருக மயிர் கலந்து பூசியது. பார்க்க வெடித்துத் தொங்கினாலும் நல்ல பாரம், இடுக்கில்லாத பூச்சு. சில கட்டடங்களில் சட்டங்களுக்கு இடையில் சாம்பலோ மண்ணோ கொட்டி வைத்திருப்பார்கள், அதுவும் சத்தத்துக்காகத்தான். அதை வாரிக் கொட்டிவிட்டு ஒற்றைப் பிளாஸ்டர்போட் அடித்தால் முந்தியதைவிட மோசமாகக் கேட்கும். வெடிப்பை அடைத்து, தொங்குகிற இடத்தைத் தாங்கு கொடுத்து, அப்படியே வைத்துக்கொண்டு அதன் கீழே வேலை செய்யுங்கோ. பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் இது ஆலோசனையில்லை, கட்டாயம்.

14. அதன் கீழே என்ன? தனியே நிற்கிற இரண்டாவது சீலிங். புதுச்சட்டங்களைச் சுவருக்குச் சுவர் போடவேண்டும், மேலே உள்ள பழைய தளத்தில் தொங்கவிடக்கூடாது. இங்கிலாந்துக் கட்டட விதியின் 'பார்ட் ஈ' வழிகாட்டியில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: பழைய சீலிங்குக்கும் புதுச்சட்டத்துக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் இடைவெளி, உள்ளே 100 மில்லிமீற்றர் கனிமக் கம்பளி, கீழே இரண்டு அடுக்குப் பிளாஸ்டர்போட், இரண்டும் சேர்ந்து சதுர மீற்றருக்கு 20 கிலோவாவது இருக்கவேண்டும், ஒரு அடுக்கின் மூட்டு மற்றதன் மூட்டுக்கு நேரே வரக்கூடாது. பில்டர் "இரண்டு அடுக்கு எதற்கு, ஒன்று போதும்" என்பார். போதாது. ஒற்றை ஆணி தவறிப் பழைய சட்டத்தில் இறங்கினாலும் அது சத்தத்துக்குப் பாலம். அடைக்கிற அன்றைக்கு நீங்களே ஏணியில் ஏறிப் பார்த்து ஃபோட்டோ எடுங்கோ.

15. அதே வழிகாட்டி பழைய கட்டடத்தை வீடாக மாற்றும்போது தளம் குறைந்தது 43 டெசிபல் தடுக்கவேண்டும் என்கிறது. அது வீட்டுக்கும் வீட்டுக்கும் போட்ட அளவு. நீங்கள் வைப்பது சாப்பாட்டுக்கடை, அதைவிடக் கூட வேண்டும். எவ்வளவு கூட என்று சொல்ல அக்கூஸ்டிக் பொறியியலாளர் ஒருவரைப் பிடியுங்கோ. அவர் கூலியில் மிச்சம் பிடிக்காதேங்கோ. அவரது அறிக்கைதான் நாளைக்குக் கவுன்சிலிலும் லைசன்ஸ் விசாரணையிலும் உங்கள் பக்கம் நின்று கதைக்கும். இன்னொன்று: பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகக் கேட்கும். "இரண்டு டெசிபல் குறைக்கும் விசேச பெயின்ட்" என்று விற்க வருகிறவர்களைக் கதவடியில் வைத்தே அனுப்புங்கோ.

16. சத்தம் தண்ணீர் மாதிரி, சின்ன ஓட்டை போதும். பாரமான சீலிங்கைக் கட்டிவிட்டு அழகுக்காக முப்பது ஓட்டை போட்டு டவுன்லைட் பதித்தால் எல்லாம் வீண். விளக்கைத் தொங்கவிடுங்கோ, அல்லது சுவரில் வையுங்கோ. குழாய், வயர் போகிற இடமெல்லாம் கெட்டியாகாத அக்கூஸ்டிக் மாஸ்டிக்கால் அடைக்கவேண்டும். கடைக்கும் ஃபிளாட்டுக்கும் இடையில் நெருப்பையும் மறிக்கவேண்டும், பெரும்பாலும் ஒரு மணி நேரக் கணக்கு. அடைக்கிற சாமான் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கோ.

17. முன்பக்கச் சீலிங்கில் பூவேலை இருந்தால் அதை மறைக்கக் கன்சவேஷன் அதிகாரி விடமாட்டார். அழுது பிரயோசனமில்லை. முன்னுக்கு அமைதியான மேசைகளை மட்டும் போடுங்கோ, இரண்டாவது சீலிங்கைப் பின்பக்கக் குசினிக்கு மட்டும் கேளுங்கோ. இல்லையென்றால் மேல்வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் பலகையைக் கிளப்பி மேலிருந்து கம்பளி அடைக்கலாம், செலவு உங்களுடையது. எதைக் கேட்டாலும் "பிறகு கழற்றினால் பழையபடி இருக்கும்" என்று காட்டிக் கேளுங்கோ. அந்த அதிகாரிகளுக்குப் பிடித்த வசனம் அதுதான்.

கொத்து, கிரைண்டர், மோட்டர்

18. கொத்து ரொட்டியின் சத்தம் எங்களுக்குப் பசியைக் கிளப்பும். மேலே இருக்கிறவருக்கு அது இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம், அவ்வளவுதான். முதலில் தட்டு நிற்கிற இடம். பொதுச்சுவரிலும் பழைய புகைபோக்கிச் சுவரிலும் முட்டவே கூடாது, ஒரு சாண் இடைவெளி விடுங்கோ. சுவரில் பூட்டுகிற தாங்கி வேண்டாம், தனிக்காலில் நிற்கட்டும். காலுக்குக் கீழே அதிர்வைத் தாங்குகிற றபர், அதற்கும் கீழே பாரமான கொங்கிறீற் பலகை. தட்டு தடிப்பாக இருக்கட்டும், மெல்லிய தட்டு மணிபோல ஒலிக்கும்.

அநேகமான விக்டோரியக் கடைகளுக்குப் பின்னால் ஒற்றைமாடி நீட்டு ஒன்று இருக்கும், அதன் மேல் ஃபிளாட் இராது. கொத்துக்கு அதுதான் இடம். ஆனால் அதன் கூரையில் கண்ணாடி யன்னல் இருந்தால் சத்தம் மேலே போய்ப் பின்படுக்கையறை யன்னலால் இறங்கும். அதைப் பூட்டி வையுங்கோ.

இனிக் குறுக்கு வழி. ரொட்டியையும் மரக்கறியையும் பின்னேரமே பலகையில் வைத்து மெல்லிசாகச் சீவி வையுங்கோ. ஒன்பது மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்குத் தட்டில் பிரட்டிக் கொடுத்தால் போதும், தாளம் போட வேண்டாம். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. "தாளம் இல்லாவிட்டால் கொத்து இல்லை" என்று சண்டைக்கு வருகிற சமையல்காரருக்கு வாடகைப் பில்லைக் காட்டுங்கோ.

19. கிரைண்டரைப் பகல் இரண்டு மூன்று மணிக்குப் போடுங்கோ. இரவு முழுக்கப் புளித்து விடியத் தோசைக்குப் பதமாக வரும். இரவு பதினொன்றுக்கு மாவரைக்கிறவர்கள் பகலில் சோம்பலாய் இருந்தவர்கள், வேறு காரணம் இல்லை.

20. நாள் முழுக்க ஓடுகிற குளிர்ப்பெட்டி மோட்டர்தான் கள்ளன். பகலில் தெரியாது. இரவு இரண்டு மணிக்குத் தெரு அடங்கினதும் 'ம்ம்ம்' என்று கேட்கத் தொடங்கும். படுக்கையறைக்கு இரவில் சராசரி 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது இங்கே பொறியியலாளர்கள் வைத்துப் பார்க்கும் பிரிட்டிஷ் தர அளவு. அது மிகக் குறைந்த சத்தம். மோட்டர்களை நிலவறைக்கு இறக்க முடிந்தால் இறக்குங்கோ. நிலவறை ஈரம் என்றால் முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கோ.

21. கதிரை மேசைக்காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கோ. சில பவுண் வேலை. ஆனால் தேயும், மாதம் ஒருக்காப் பார்க்கவேண்டும்.

22. ஸ்பீக்கரைச் சீலிங்கிலோ பொதுச்சுவரிலோ பூட்டாதேங்கோ. ஒரு பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிடச் சின்னன் சின்னனாக நாலைந்து, காதளவு உயரத்தில். 'பேஸ்' பெட்டியே வேண்டாம், அந்தத் தடித்த சத்தத்தை எந்தச் சீலிங்கும் லேசில் மறிக்காது. லிமிட்டர் பூட்டி, மேல்வீட்டுக்காரரைப் படுக்கையறையில் நிறுத்தி, அவர் சரி என்கிற அளவில் வைத்துப் பூட்டுங்கோ. சாவி வேலைக்கார பெடியனிடம் போகக்கூடாது.

புகைக்குழாய்

23. பழைய கட்டடத்தில் ஆக இடறுகிற இடம் இது. கவுன்சில்கள் வழக்கமாகக் குழாய் கூரைக்கு மேல் ஒரு மீற்றராவது போகவேண்டும் என்று கேட்கும். பழைய கட்டடத்தின் முகத்தில் அந்தத் தகரக் குழாயை ஏற்றக் கன்சவேஷன் பக்கம் விடாது. பின்பக்கத்தால் ஏற்றினால் படுக்கையறை யன்னலை உரசிக்கொண்டு போகும். பாவிக்காத பழைய புகைபோக்கி இருந்தால் அதற்குள் உறை போட்டு ஏற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கோ; ஆனால் மேல் ஃபிளாட்டுக்குள்ளால் போகிற புகைபோக்கி என்றால் சத்தமும் சூடும் அவர்கள் அறைச் சுவருக்குள் வரும், நெருப்புப் பாதுகாப்பும் பார்க்கவேண்டும்.

விசிறி பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றட்டும். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால் ஊளையிடும். விசிறிக்கு இரண்டு பக்கமும் சைலன்சர், குழாயோடு சேருகிற இடத்தில் துணிபோல மடங்குகிற இணைப்பு, சுவரில் பிடிக்கிற இடமெல்லாம் றபர். இந்த றபரை விட்டுவிட்டுச் சைலன்சர் மட்டும் பூட்டுகிற கொம்பனிகள் உண்டு. கூடவே கவுன்சிலில் விசிறிச் சத்தத்தை அந்த இடத்தின் சாதாரண இரவுச் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐந்து டெசிபல் கூடினாலே பாதிப்பு இருக்கலாம் என்றும், பத்துக் கூடினால் பெரும் பாதிப்பு என்றும் பிரிட்டிஷ் தர விதி சொல்கிறது. ஆகவே அயலின் இரவுச் சத்தத்தை விசிறி வாங்க முதல் அளப்பியுங்கோ.

குழாய்க்கே வழியில்லையா? மின்சார அடுப்புக்கு மாறினால், புகையை வடிகட்டி உள்ளேயே விடுகிற இயந்திரங்கள் இருக்கின்றன. காஸ் அடுப்போடு அவை சரிவராது. கவுன்சிலோடு கதைத்த பிறகு வாங்குங்கோ.

முன்பக்கம்

24. பழைய கடைமுகத்தைப் பார்க்கத் தெரியவேண்டும் என்றால் இரண்டு இடத்துக்குப் போய்வாருங்கோ. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஆர்டிலரி லேன் 56ஆம் இலக்கம். 1750களின் கடைமுகம், கிரேட் 1. யூஸ்டனுக்குப் பக்கத்தில் வோபர்ன் வோக். 1820களில் தோமஸ் கியூபிட் கடைகளுக்கென்றே கட்டிய தெரு. கண்ணாடிக்குக் கீழே உள்ள மரத்தடுப்பு, பக்கத் தூண், மேலே பெயர் எழுதுகிற பட்டை, உள்ளே தள்ளி நிற்கிற கதவு எல்லாவற்றையும் கவனியுங்கோ. உங்கள் கடையில் அவற்றில் பாதி, முந்தி இருந்தவரின் பிளாஸ்டிக் போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

25. உள்ளே தள்ளி நிற்கிற அந்தக் கதவை வெளியே இழுத்து இடம் பிடிக்க நினைக்காதேங்கோ. அதற்கு உட்பக்கமாக இன்னொரு கதவு போட்டால் இரண்டுக்கும் இடையில் சின்ன அறை கிடைக்கும். ஒன்று திறக்க மற்றது மூடியிருக்கும், பாட்டும் கதையும் தெருவுக்கு வராது, குளிரும் உள்ளே வராது. பழைய கண்ணாடியை மாற்றவேண்டாம். உட்புறமாக இரண்டாவது கண்ணாடி, நடுவில் 100 மில்லிமீற்றர் இடைவெளி. பழையது அப்படியே இருப்பதால் அனுமதியும் லேசாகக் கிடைக்கும்.

26. வெளி ஷட்டர் பெரும்பாலான பழைய தெருக்களில் கிடைக்காது. கிடைக்காதது நல்லது. விடிய ஐந்தரைக்கு அதை 'கடகட' என்று ஏற்றினால் தெருவே எழும்பும்.

வேலை நடக்கும் மாதங்கள்

27. லண்டன் கவுன்சில்கள் அநேகமாகச் சத்தமான வேலைக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6, சனி காலை 8 முதல் பகல் 1 என்று நேரம் வைத்திருக்கின்றன. ஞாயிறும் வங்கி விடுமுறையும் இல்லை. "தெரிந்த பெடியங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார்கள்" என்றால் அவர்களுக்குப் பெயின்ட் வேலையைக் கொடுங்கோ.

28. உடைக்க முதல் அஸ்பெஸ்டஸ் சோதனை கட்டாயம். 2000க்கு முதல் கட்டிய எந்தக் கட்டடத்திலும் இருக்கலாம். கட்டடம் பழையது என்றாலும் எழுபதுகளில் யாரோ வந்து பலகை அடித்திருப்பார். இதில் குறுக்கு வழி இல்லை.

29. பெரிய உடைப்பு என்றால் இரண்டு நாள் முந்தியே மேலே தகவல் அனுப்புங்கோ. சொல்லிச் செய்கிற சத்தத்தைச் சனம் பொறுக்கும்.

கடை திறந்த பிறகு

30. சாப்பாட்டுக்கடை என்றால் திறப்பதற்கு 28 நாள் முதல் கவுன்சிலில் பதிய வேண்டும். மதுவுக்கும், இரவு 11 முதல் விடிய 5 வரை சூடான சாப்பாடு விற்பதற்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். அதற்கு விண்ணப்பித்தால் இளநீலத் தாளில் அறிவித்தல் எழுதிக் கடை யன்னலில் 28 நாள் தொங்கும், அதற்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். அந்த நீலத்தாளைப் பார்த்துத்தான் மேல்வீட்டாருக்கு உங்கள் திட்டம் தெரியவருகிறது என்றால் ஆட்சேபணை வந்தே தீரும். முந்திப் போய்ச் சொன்னால், "பத்தரைக்குப் பூட்டினால் எனக்குச் சம்மதம்" என்று அவர்களே எழுதிக் கொடுக்கவும் கூடும்.

31. இரவு போத்தல் கொட்டாதேங்கோ. பதினொன்றுக்குப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு விடிய எட்டுக்குப் பிறகு கொட்டுங்கோ. சாமான் லொறியும் அதே நேரத்துக்குத்தான். தள்ளுவண்டிக்கு றபர்ச் சில்லுப் போடுங்கோ.

32. எங்கட சனம் சாப்பிட்டு முடித்தால் உடனே வீட்டுக்குப் போகாது. வாசலில் நின்று அரைமணி நேரம் ஊர்க்கதை கதைத்துத்தான் போகும். அதுவும் சரியாகப் படுக்கையறை யன்னலுக்குக் கீழே. விடைபெறுகிற கதையை உள்ளேயே முடிக்க விடுங்கோ: பில்லோடு ஒரு பிளேன்ரீ கொடுங்கோ, கார் வரும்வரை உள்ளே இருக்கச் சொல்லுங்கோ. வெளி மேசை போட்டிருந்தால் ஒன்பதுக்குள் தூக்கிவிடுங்கோ, தூக்கும்போது இழுக்காமல்.

33. ஒரு கொப்பி வையுங்கோ. யார், எத்தனை மணிக்கு, என்ன முறைப்பாடு, நீங்கள் என்ன செய்தீர்கள். மேலே இருந்து ஃபோன் வந்தால் வாதாடாமல் முதலில் சத்தத்தைக் குறையுங்கோ, பிறகு கதையுங்கோ. கவுன்சில் ஆள் வந்தால் அந்தக் கொப்பி உங்கள் சாட்சி.

34. அதையும் மீறி, 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி சத்தத்தை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது வெறும் கடிதமில்லை. மீறினால் வியாபார இடங்களுக்கு விதிக்கும் அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது. மஜிஸ்திரேட் கோர்ட்டில் எதிர்க்க உங்களுக்கு 21 நாள்தான் இருக்கிறது. லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கொத்துப் போடப் போகாதேங்கோ. வந்த அன்றைக்கே சொலிசிட்டரிடம் கொண்டு போங்கோ.